ஒரே லயத்தில் இரண்டு போர்

நேரலையில் பேசாமல் இருப்பது வானொலி அறிவிப்பாளருக்குப் பெரிய குற்றம். மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், அதைவிட அதிக நேரம் நான் வாயடைத்துப் போயிருந்தேன்.

அன்றைய தலைப்பு, "போருக்கு நியாயம் உண்டா?" காஸாவையும் உக்ரைனையும் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போன ஒரு வாரத்தில் நாங்களே தேர்ந்தெடுத்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கியவர்கள்தான் அழைத்தவர்களில் பாதிப் பேர். ஒருவர் குருச்சேத்திரத்தை எடுத்தார், அடுத்தவர் காந்தியை. முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேச வந்த ஒரு தம்பிக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவரே படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறாரே என்றார் ஒரு தமிழாசிரியை. அனைத்துலக உறவுகள் படிக்கும் மாணவர் ஒருவர் அகஸ்டின், அக்வினாஸ் காலத்திலிருந்து வரும் பட்டியலை அழகாகச் சொன்னார்: காரணம் நியாயமாக இருக்க வேண்டும், வேறு வழி எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது, அழிவு அளவு மீறக் கூடாது. எல்லாருக்கும் "நல்ல கருத்து" என்றேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து அந்த அழைப்பு. வயதான குரல்.

"ஏம்மா, எங்கப்பா நேதாஜி படையில இருந்தவரு. அவரோட அண்ணன், எங்க பெரியப்பா, சயாமுக்குப் போயி திரும்பாதவரு. ஒரே தோட்டம், ஒரே லயம். எங்கப்பாவுக்குத் துப்பாக்கி குடுத்தவனும் சப்பான்காரன்தான், பெரியப்பாவை லாரியில ஏத்துனவனும் சப்பான்காரன்தான். எங்கப்பா செஞ்சது நியாயமா, இல்லையா? நீயே சொல்லு."

நான் ஒரு பாட்டைப் போட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். பள்ளியில் இதையெல்லாம் ஒரு பத்தியில் கடந்து வந்தவள் நான். முதலில் எனக்குப் புரிய வேண்டியிருந்தது, அந்த அப்பா ஏன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார் என்பது. அதற்குக் கிள்ளானிலேயே பதில் இருக்கிறது.

1941-ன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன், பத்திரிகைக்காரர். கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை நம் ஆட்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை! இன்று ஷா ஆலாமில் வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். கொதிப்பு அடங்கவில்லை. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது.

மாணவரின் பட்டியலில் "வேறு வழி மிஞ்சக் கூடாது" என்று ஒன்று இருந்ததே, அந்தக் கட்டத்தில் நம் தாத்தாக்கள் தாராளமாக ஒரு கோடு போடலாம். கைகட்டிக் கேட்டுப் பார்த்தாயிற்று. வேலையை நிறுத்தியும் பார்த்தாயிற்று.

ஆகவே 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தோட்டத்து ஆட்கள் திரண்டதில் எனக்கு வியப்பில்லை. அக்டோபர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி தொடங்கியது. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டுத் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், 2014-ல் மறைந்தார். அவரோடு அணிவகுத்தவர்களில் பலர் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்கள். கங்காணிக்கு முன் தலைகுனிந்து நின்ற பெண்ணின் கையில் துப்பாக்கி, காலில் பூட்ஸ். அந்த நிமிர்வைத் தவறு என்று சொல்ல என்னால் முடியாது.

மறுபக்கம் சயாம். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதற்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பின்பு ஆளைப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றிய கதை பல குடும்பங்களில் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. இறந்தோர் கணக்கு நூலுக்கு நூல் மாறுகிறது. பல்லாயிரம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள், ஏறக்குறைய 7,000. நம்மவர்கள் காட்டில் எங்கெங்கோ.

சயாமுக்குப் பிடித்துப் போவார்களோ என்று பயந்தே படையில் சேர்ந்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது விடுதலைப் போரா, உயிர் பிழைக்கும் வழியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளர் அ. ரெங்கசாமி நேதாஜி படையைப் பற்றி 'இமையத் தியாகம்' எழுதினார், சயாம் ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து படித்தால், ஒரே லயத்தின் இரண்டு கதவுகளைத் தட்டியது போல் இருக்கிறது.

ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17-ஆம் தேதி ஒன்று சேர்ந்தன. போஸ் தற்காலிக அரசை அறிவித்தது அதற்கு நான்கே நாள் கழித்து. அடுத்த ஆண்டு, இந்திய தேசிய இராணுவ வீரர்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் பர்மாவுக்குப் போனது அந்தப் பாதையில்தான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

படையினருக்குத் தெரியாதா? வழியோர முகாம்களைப் பார்க்காமலா போயிருப்பார்கள்? தலைவர்களுக்கு? ஜப்பானை விட்டால் போஸுக்கு ஆயுதம் கொடுக்க யாருமில்லை என்பது உண்மை. கிள்ளானில் சுட்டுவிட்டுப் பின்பு செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளை விசாரிக்க உட்கார்ந்த வெள்ளைக்கார அரசுக்கு நியாயம் பேசத் தகுதி இல்லை என்பதும் உண்மை. ஆனால் பெரியப்பாக்களிடம் யாரும் கேட்கவில்லை. மாணவரின் பட்டியலில் நான் தேடிய கட்டம் அதுதான்: இந்தப் போருக்காக விலை கொடுக்கப்போகிறவனிடம் கேட்டாயிற்றா? அப்பா துப்பாக்கி எடுத்ததை நியாயம் என்பேன். அந்தப் போரை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அளக்கப் பார்த்ததுதான் அன்றைக்கு என் நிகழ்ச்சியில் நேர்ந்த கோளாறு.

இதை நேரில் சொல்லலாம் என்று கிள்ளானுக்குப் போனேன். அம்மா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடத்தில் சீருடையில் அப்பாவின் படம், மாலையோடு. பெரியப்பாவுக்குப் படம் எடுத்ததே இல்லையாம். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

"பர்மாவுக்கு எப்படிப் போனாரு உங்கப்பா?" என்று கேட்டேன்.

"ரயில்லதான். அதைப் பத்திப் பேச மாட்டாரு."

பெரியம்மா கடைசிவரை இவர்களோடுதான் இருந்தாராம். அவர் கண்மூடும்வரை அந்தப் படத்தை அப்பா அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார். சுவரில் ஆணி அடித்ததே கருமாதி முடிந்த பிறகுதானாம்.