உங்களுக்குத் தெரியுமா? – டூட்டுவும் கூத்துப் பாவாடையும்

★ பாலே ஆடும் பெண்ணின் இடுப்பைச் சுற்றி விறைத்து விரிந்து நிற்கிறதே ஒரு குட்டைப் பாவாடை, அதற்கு டூட்டு என்று பெயர். முழுக்க முழுக்கப் பெண்களின் உடுப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பிரெஞ்சு மேடையில், உள்ளே வளையம் வைத்து விரித்த குட்டைப் பாவாடையைக் கட்டி ஆடியவர்கள் ஆண்கள். ‘டொனலே’ என்பார்கள். பாரிஸ் ஆபெரா மேடையில் தொழில்முறை ஆடுமகளிர் ஏறியதே 1681இல்தான். ஏறிய பிறகும் அவர்களுக்குத் தரையைத் தொடும் பாவாடைதான் கிடைத்தது. கால் தெரிய ஆடும் உரிமை ஆண்களுக்கு மட்டும்!

★ இதைப் படித்துவிட்டுக் கொங்குக்காரர்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை. சேலம், நாமக்கல் பக்கம் கோயில் நோன்பியில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ராஜா வேடம் கட்டுகிற ஆண், கால்சட்டைக்கு மேல் அகன்று விரியும் பாவாடை கட்டித்தான் சபைக்கு வருவார். கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைந்த கல்யாணமுருங்கைக் கட்டையில் செதுக்கியவை. ஆளை மேலே கட்டைகள் அகலமாக்கும், கீழே பாவாடை அகலமாக்கும். கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் கண்ணுக்கும் துரியோதனன் துரியோதனனாகத் தெரிய வேண்டுமல்லவா? அவர் கிறுக்கி அடித்துச் சுழலும்போது பாவாடை குடையாக எழும்பும். பாரிஸில் 200 வருடத்துக்கும் முன்பே வழக்கொழிந்த சங்கதியை எடப்பாடிப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம் என்பது இந்தப் பத்தி எழுதுகிறவருக்குப் பிடித்த செய்தி.

★ பெண்ணின் பாவாடை ஏறியதற்குக் காரணம் கவர்ச்சி அல்ல, கால்வேலை. 1726இல் பாரிஸ் மேடைக்கு வந்த மரி கமார்கோ, எம்பிக் குதித்து அந்தரத்திலேயே பாதங்களை மாற்றி மாற்றிப் பின்னும் அடவில் கெட்டிக்காரி. பாவாடை மறைத்தால் அந்த உழைப்பு யாருக்குத் தெரியும்? சில அங்குலம் மேலே வெட்டினார். கணுக்கால் தெரிந்ததற்கு ஊரே இரண்டுபட்டது.

★ டூட்டுவின் பிறந்தநாள் என்று 1832 மார்ச் 12ஐச் சொல்லலாம். அன்று பாரிஸில் ‘லா சில்ஃபீத்’ அரங்கேறியது. மரி டாக்லியோனி கால்விரல் நுனியில் நின்று, முழங்காலுக்குக் கீழே மணி வடிவில் தொங்கும் வெள்ளைப் பாவாடையில் ஆடினார். அதன் துணி மெல்லிய மஸ்லின். அந்தத் துணியை ஐரோப்பாவுக்குப் பழக்கியதே இந்தியத் தறிகள்தான்.

★ பின்னால் வந்த டூட்டுகளுக்குப் பயன்பட்ட டார்லடன் என்பதும் பருத்திதான். இழை விட்டு இழை நெய்து, கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய துணி. பாவுக்குக் கஞ்சி போடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் சூட்சுமமும் தெரியும், பலவீனமும் தெரியும்: ஈரம் பட்டால் விறைப்பு போய்விடும். இன்னொரு துணியான வலைத்துணிக்கு 1808இல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் இயந்திரம் கண்டுபிடித்தார். அதற்கு முன் அது கைவேலை, பணக்காரர் சமாசாரம். இன்று கோவை ஒப்பணக்கார வீதியில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தருகிறார்கள்.

★ இனி, அதிகம் பேசப்படாத ஒரு கதை. 1838இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று இசைக்கலைஞர்களும் கப்பலேறிப் பாரிஸ் போனார்கள். தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனார். ‘இந்தியக் கோயில் நடனக்காரி’ என்று சொல்லிப் பாரிஸ் மேடை அதற்கு எட்டு வருடம் முன்பே ஒரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி வைத்திருந்தது. அதை ஆடியவர் வேறு யாருமில்லை, டாக்லியோனிதான். இப்போது நிஜமான ஆள் வந்து நின்றாள். கூட்டத்தில் எல்லோர் கண்ணையும் இழுத்தவள் அம்மணி என்ற இளம்பெண். பிரெஞ்சுக்காரர்கள் அமானி ஆக்கிவிட்டார்கள். தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் அவளைப் பற்றி உருகி உருகி எழுதினார். மூன்று வருடம் கழித்து ‘ஜிசெல்’ பாலேவுக்குக் கதை அமைத்தவர்களில் ஒருவர் இதே கோத்தியே.

இன்னும் ஒரு பொருத்தம் பாருங்கள். சிற்பி ழான் ஓகுஸ்த் பார், 1837இல் டாக்லியோனியைச் சின்னஞ்சிறு சிலையாக வடித்தார். அடுத்த வருடமே அம்மணியையும் வடித்தார். தரையை விட்டு எழும்பப் பார்க்கும் ஒருத்தி, தரையைத் தட்டி ஆடும் ஒருத்தி. ஒரே கை செய்த இரு சிலைகள். பாலே வரலாற்றுப் புத்தகங்கள் முதல் சிலையைத்தான் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன.

★ நிஜத்தைப் பார்த்த பிறகாவது ஐரோப்பிய மேடை உடுப்பை மாற்றியதா? இல்லை. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெடிபா அரங்கேற்றிய ‘லா பயதேர்’ ஒரு தேவதாசியின் காதல் கதை. அதன் புகழ்பெற்ற நிழலுலகக் காட்சியில் வரிசை வரிசையாக இறங்கி வரும் பெண்கள் எல்லோருக்கும் இன்றும் வெள்ளை டூட்டுதான்.

★ டூட்டு உயிரையும் வாங்கியிருக்கிறது. டாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி. 1862 நவம்பரில் பாரிஸில் ஒத்திகையின்போது மேடையின் காஸ் விளக்கில் பாவாடை பட்டுப் பற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் கிடந்து 1863 ஜூலையில் இறந்தார். துணியைத் தீப்பிடிக்காமல் பதப்படுத்தும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அப்படிப் பதப்படுத்திய பாவாடை மங்கலாகவும் மொடமொடப்பாகவும் இருக்கிறதென்று அவர் மறுத்துவிட்டார். தீபாவளிக்குக் குழந்தைகளுக்குக் கேன்கேன் வைத்த நெட் ஃபிராக் எடுக்கிறவர்கள், மத்தாப்பு கொளுத்தும் நேரத்திலாவது அதைக் கழற்றிவிடுங்கள். நைலான் நெட் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும்.

★ முழங்காலுக்கு மேலே ஏற்றியவர்கள் இத்தாலிக்காரிகள். 1885இல் ரஷ்யா போன வர்ஜீனியா சுக்கி, அரசு அரங்கின் விதியை மீறிக் குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சுழற்சிகளும் விரல்நுனி வேலையும் கூடக் கூட, பாவாடை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் இடுப்போடு படுக்கையாக நின்றுவிட்டது.

★ அப்படிப் படுக்கையாக நிற்க உள்ளே வளையம் வைத்த டூட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நடனத்தைக் கெடுத்தன. 1950இல் நியூயார்க்கில் பார்பரா கரின்ஸ்கா என்ற உடுப்புக் கலைஞர் வளையத்தை எடுத்துவிட்டு, வலையடுக்குகளைக் குட்டையாக்கித் தளர்வாகத் தைத்தார். ‘பவுடர் பஃப்’ என்று அதற்குப் பெயர். முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சேதான்! இதே கரின்ஸ்கா ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் உடுப்புகளுக்காக ஆஸ்கர் வாங்கியவர்.

★ டூட்டு கட்டியவர் ஒருவர் மறைமுகமாகப் பரதநாட்டியத்துக்குக் காரணமானார். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்கப் போனது பாலே. உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவாதான் திருப்பிவிட்டார். 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறினார். அதுவரை கால்சட்டைமேல் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடிய வழக்கத்தை மாற்றி, கோயில் சிற்பங்களைப் பார்த்துத் தைத்த உடுப்பைக் கொண்டுவந்தார். வெட்டித் தைக்க உதவியவர் மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்காரி. கோவையில் இன்று சலங்கை பூஜைக்கு அளவு கொடுக்கும் சிறுமி ‘ஃபேன்’ என்று சொல்லும் முன்புற விசிறி மடிப்பு, அரைமண்டியில் உட்கார்ந்தால்தான் விரியும். நிமிர்ந்து நின்றால் ஒடுங்கிவிடும். டூட்டு எப்போதும் விரிந்தே இருக்கும். என்னைக் கேட்டால் நம்முடையதே கெட்டிக்காரத் தையல்.

★ பாலே பயிற்சியில் உடம்போடு ஒட்டப் போடும் லியோடார்டுக்கு, ஊஞ்சல் வித்தை காட்டிய ழூல் லியோத்தார் என்ற பிரெஞ்சு சர்க்கஸ்காரரின் பெயர். அவர் போட்டது பின்னலாடை, அதாவது திருப்பூர் பாஷையில் பனியன் துணி. அது நீட்டினால் நீண்டு விட்டால் பழையபடி சுருங்குவது லைக்ரா சேர்ந்த பிறகு. அந்த இழையை 1958இல் அமெரிக்காவில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தார். திருப்பூரில் லெக்கிங்ஸ் தைக்கிறவர்களின் சோற்றில் அவருக்கும் பங்குண்டு.

★ டூட்டுவை மடிக்கக் கூடாது, வலை நசுங்கும். தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். பரதநாட்டிய உடுப்பை மடித்துப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் வியர்வையோடு வைத்தால் ஜரிகை கறுத்துவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

★ ஆண்களின் ஆட்டம் பெண்களுக்கு வந்த கதை பாரிஸுக்கு மட்டும் சொந்தமல்ல. வள்ளி ஒயில் கும்மி கோவை வட்டாரத்தில் ஆண்களே ஆடி வந்த கலை. அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்போது கொங்கு ஊர்களில் கும்மி அரங்கேற்றம் என்றால் பெண்கள்தான் பெரும் கூட்டம். அத்தனை பேருக்கும் ஒரே நிறச் சேலை வேண்டும் என்பதால், தேதி குறித்ததும் முதல் வேலை ஜவுளிக்கடைக்கு மொத்தமாகச் சொல்லிவைப்பதுதான்.