மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்கள்

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது இலங்கையின் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கியிருந்தமையால், 2002 இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகித் தடை தளரும் வரை, வன்னிப் பெருநிலப்பரப்பின் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரங்கள் அதற்குப் புறம்பான எரிபொருளில் இயங்கியதற்கு மக்களின் கைத்திறன் ஒரு காரணமெனில், அந்த இயந்திரங்களின் பழைமை மற்றொரு காரணமாகும். இரண்டாவது காரணம் போதிய அளவு பேசப்படுவதில்லை.

ஓர் எரிபொருள் ஓர் இயந்திரத்துக்குப் பொருந்துமா என்பதை அதிலடங்கிய வெப்ப ஆற்றல் தீர்மானிப்பதில்லை. லீற்றருக்கு லீற்றர் ஒப்பிட்டால் மண்ணெண்ணெயில் பெற்றோலைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலே உண்டு. தீர்மானிப்பவை வேறு இரண்டு இயல்புகள். முதலாவது, ஆவியாகும் தன்மை: பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை வெளிவிட, மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய பின்னரே அவ்வாறு செய்கின்றது. இரண்டாவது, அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை. சிலிண்டருக்குள் பிஸ்டன் எரிபொருள் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை நெருக்குகையில் கலவை சூடேறுகின்றது. தீப்பொறியிலிருந்து சுவாலை பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை அச்சூட்டினால் தானாகவே வெடித்தெரிந்தால் ‘டொக் டொக்’ என்னும் தட்டொலி எழுவதோடு பிஸ்டனும் சேதமடையும். அவ்வாறு முந்திக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவீடே ஒக்டேன் எண் ஆகும். இலங்கையில் விற்கப்படும் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் எண் 92. மண்ணெண்ணெயின் எண்ணோ அதனினும் மிகத் தாழ்ந்தது.

பழைய வண்டிகள் தப்பியது இங்கேதான். 1950களிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் வெளிவந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் இயந்திரங்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அல்லது எட்டில் ஒரு பங்கு கனவளவுக்கே நெருக்கின. அக்காலப் பெற்றோலும் தரத்தில் தாழ்ந்ததாகையால் அவற்றை அமைத்தவர்கள் அதற்குமேல் துணியவில்லை. இந்த மிதமான நெருக்கத்தை, இயந்திரத்தை அளவுக்கு மீறி முறுக்காதவரை, மண்ணெண்ணெய் ஓரளவு தாங்கிக்கொண்டது. பத்து மடங்குக்கு மேல் நெருக்குவதும் கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சுவதுமான இன்றைய காரில் இதைச் செய்து பார்ப்பது வீண் செலவில்தான் முடியும். பிரித்தானியாவில் இதே காரியம் தொழிற்சாலையிலேயே முறைப்படி நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, நெருக்கம் குறைக்கப்பட்டு, புறப்படுவதற்குச் சிறிதளவு பெற்றோலும் உழுவதற்கு மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயும் கொள்ளும் இரு பிரிவான தாங்கியுடன் விற்கப்பட்டது.

வன்னியில் அந்த ஏற்பாட்டைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாதென்பதால், எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் உறுப்பாகிய காபரேற்றரின் வாயில் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களைச் சிறிது கலப்பதும் வழக்கிலிருந்தது. கண்ணெரியும் வெண்புகை இதன் வெளிப்படையான விலை. மறைவான விலையோ பெரியது: எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி உராய்வு எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்தமையால், அந்த எண்ணெயை அடிக்கடி மாற்றாத இயந்திரங்களில் சுழலும் தண்டைத் தாங்கும் போதிகைகள் விரைவில் தேய்ந்தன. எரிபொருளே கிடைக்காத ஊரில் உராய்வு எண்ணெய் மட்டும் எளிதாகக் கிடைத்திருக்குமா என்ன!

முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்க் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றில் ஒருவகை மண்ணெண்ணெய்க்கென்றே ஆக்கப்பட்டது. ஈரடிப்பு இயந்திரமான இதில் உராய்வு எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே உள்ளே சென்று எரிந்துபோவதால், நீர்த்துப்போவதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி என்று எதுவும் இல்லை. காரை வருத்திய குறை இங்கே பெரிதும் நீங்கிவிடுகின்றது. ஆயினும் பெற்றோலில் புறப்பட்டு மண்ணெண்ணெய்க்கு மாறும் முறை இதற்கும் உண்டு. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் தேங்கிய மண்ணெண்ணெயைத் தீர்த்துவிடாவிட்டால் மறுநாள் விடியலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் பயனிராது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இதைத் தவிர வேறு இயந்திரம் இல்லாத கடற்றொழிலாளருக்கு மலிவான மாற்று எதுவும் இருக்கவில்லை.

டீசலில் இயங்கும் கையுழவு இயந்திரத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழானது. அதில் தீப்பொறி இல்லை. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். மண்ணெண்ணெய் அதிலும் பற்றும் என்றாலும், டீசலின் வழுவழுப்பையே நம்பியிருக்கும் பீச்சுப் பம்பி அந்த வழுவழுப்புக் குறைந்த எண்ணெயில் தேய்ந்துவிடும்.

மண்ணெண்ணெயைத் தாங்கவைத்த அதே மிதமான நெருக்கத்தினால், பழைய காருக்கு 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினால் அது வலுவாக ஓடும் என்னும் நம்பிக்கையும் ஆதாரமற்றது. குறைவாக நெருக்கும் இயந்திரத்துக்கு 92 தாராளமாகப் போதும், மிகுதி காசுக்குக் கேடு. அத்தகைய கார் கவலைப்பட வேண்டியது ஈயத்தைப் பற்றியே. முன்னாளில் பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வெளியேற்று வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2002 இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்ட பின்னர் அந்தக் காப்பு இல்லாமற் போனமையால், சிலிண்டர் தலையைக் கழற்றும் வேலை எப்போதாவது வரும்போது கடினமான உருக்கு இருக்கைகளைப் பொருத்திக்கொள்வதே நிலையான தீர்வாகும்.