உங்களுக்குத் தெரியுமா? விருப்பத்தைக் கேட்க வந்த ஐ.நா.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆனாலும் 1992இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், அந்த ஆண்டு ஜனவரியில் தமிழக முகாம்களிலிருந்து ஈழத் தமிழரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். வற்புறுத்தி அனுப்புவதாகக் கண்டனம் எழுந்தது. ஜூலையில் மத்திய அரசு ஆணையத்துடன் உடன்பாடு கண்டது: புறப்படுவோரிடம் "உங்கள் விருப்பம்தானா?" என்று ஆணையம் நேரில் கேட்கலாம். ஆனால் முகாம்களுக்குள் தாராளமாகச் செல்ல அனுமதி இல்லை. மூட்டை கட்டி முடித்த குடும்பம் மனம் திறந்து என்ன பதில் சொல்லிவிட முடியும்? 1989 டிசம்பரில் ஹாங்காங், தஞ்சம் தேடி வந்த 51 வியட்நாமியரை விடியுமுன் கட்டாயமாகத் தாய்நாட்டுக்கு விமானம் ஏற்றியபோதும் உலகம் கொதித்தது இந்த விருப்பத்தைப் பற்றித்தான்.