கார் எஸ்டிமேட்டும் மளிகை லிஸ்ட் மாதிரிதான்!

கார் ரிப்பேர் என்றாலே, 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால், அந்தப் பணம் பிள்ளைங்க ஃபீசிலும், வீட்டுச் செலவிலும் இருந்துதானே போகிறது? அதனால், எஸ்டிமேட்டை நாமும் ஒரு பார்வை பார்ப்பதில் தப்பே இல்லை.

எங்களுடையது, 12 வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமியதே தவிர, வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில், 42,600 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

'பேசாம வித்துடலாம்' என்றார் என் கணவர். புரோக்கரோ, இருக்கிற நிலையில் ஒரு லட்சத்துக்கு மேல் தேறாது என்றார். அந்தக் காசுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்குமா? மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி, 14 கி.மீ., தூரம். ஆட்டோவில் போய் வந்தால், 700 ரூபாய், மாதம், 5,600! கையில் இருந்ததோ, சீட்டுப் பணம், 15,000 ரூபாயும், மகன் ஃபீசுக்கு வைத்திருந்த, 25,000 ரூபாயும்தான்.

மளிகை லிஸ்ட்டில், 'இது இப்ப வேணும், இது அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று டிக் போடுவோமே... அதே மாதிரி உட்கார்ந்தேன். கிளட்ச், 11,800, பிரேக் பேடு, 2,400, பிரேக் டிஸ்க், 5,200, ஷாக் அப்சார்பர், 9,600, பேட்டரி, 4,900, மீதி, 8,700 ரூபாய், ஏ.சி., கிளீனிங், இன்ஜின் கிளீனிங், வீல் அலைன்மென்ட் என்று இருந்தது.

வண்டியை மெதுவாக ஓட்டி வந்து, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம், 300 ரூபாய் கொடுத்துக் காட்டினோம். பிரேக் டிஸ்க் எவ்வளவு கனம் வரை தேயலாம் என்பது அதிலேயே பொறித்திருக்குமாம். அளந்து பார்த்தார், இன்னும் கனம் இருந்தது. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவில்லை. பேட்டரியும் டெஸ்ட்டில் பாஸ்!

கிளட்ச்சுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்றார். கியர் பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும் என்பதால், கூலியே பெரிசு. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றி விட வேண்டும். ஒன்றை விட்டால், பிறகு அதே கூலியை மறுபடி அழணும்.

'பேடையும் அடுத்த மாசம் பாத்துக்கலாமே' என்றார் இவர். 'பிரேக்குல மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாங்க' என்று சொல்லி விட்டேன். கிளட்ச், பேடு இரண்டுக்கும் சேர்த்து, 14,200 ரூபாயோடு வேலை முடிந்தது. ஃபீஸ் பணத்தில் கை வைக்கவில்லை.

ஷாக் அப்சார்பரும், பேட்டரியும் என்றைக்காவது செலவு வைக்கத்தான் செய்யும். தேய்மானத்துக்கு இன்சூரன்சும் கை கொடுக்காது. அதற்காக மாதம், 1,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். ஒரே வருஷத்தில் இன்னொரு, 25,000 ரூபாய் கேட்டால், விற்று விடுவது என்றும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

தோழியரே... எஸ்டிமேட்டில் பாகத்தின் விலையையும், கூலியையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். 'எங்களைக் கேட்காமல் வேறெதையும் மாற்றக் கூடாது' என்று சொல்லி விடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்தால், விற்கத்தான் தோன்றும். வரி வரியாகப் பார்த்தால், வழி பிறக்கும்!

— ஒரு வாசகி, கோவில்பட்டி.