பராமரிப்பு இல்லங்களை விட்டு வெளியேறும் இளைஞரும் வழித்துணையும்

பராமரிப்பு இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பற்றிய எமது அக்கறை பெரும்பாலும் அவர்களது பதினெட்டாம் வயதோடு நின்றுவிடுகின்றது. அவர்களின் உணவு, உடை, கல்வி பற்றி நாம் வினவுகின்றோம். இல்லத்தின் வாயிலைக் கடந்தபின் அவர்கள் எங்கு உறங்குகின்றனர் என வினவுவோர் சிலரே. நடுத்தர வர்க்கக் குடும்பத்து மகன் இருபத்தைந்து வயதிலும் பெற்றோர் வீட்டில் உண்டு உறங்குவதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. தாங்குவார் அற்ற இளைஞரிடமே சொந்தக்காலில் நிற்குமாறு முதலிற் கேட்கின்றோம்.

இல்ல வாழ்க்கை ஒழுங்கைக் கற்பிக்கின்றது. தீர்மானிக்கக் கற்பிப்பது அரிது. மணியோசைக்கு எழுந்து, பரிமாறியதை உண்டு பழகியவர், ஒரு மாதச் சம்பளத்தை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டுப் பழகியிருப்பதில்லை. வாடகை அறைக்கு முற்பணம் தேவை. வேலைக்குத் தேசிய அடையாள அட்டை தேவை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. இவற்றைக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தாயோ மாமனோ அலைந்து பெற்றுக் கொடுப்பர். எனவே, சுதந்திர வாழ்வு என நாம் கூறுவது தனித்து வாழ்தலன்று. இடர் வரும்போது யாரிடம் செல்லலாம் என அறிந்து வாழ்தலாகும்.

இவ்வுண்மையைச் சட்டங்களும் படிப்படியாக ஏற்றுள்ளன. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேறும் இளைஞருக்குத் தனி ஆலோசகர் ஒருவரையும் எழுத்திலமைந்த எதிர்காலத் திட்டத்தையும் உரிமையாக்கியது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் ஆலோசகரின் உதவியை இருபத்தைந்து வயதுவரை நீடித்தது. 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும், வெளியேறுவதற்கு நெடுநாள் முன்னரே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்கின்றன. இலங்கையில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண சபைகளின் விடயமாயின. தொழில் தேடி மாகாண எல்லையைக் கடக்கும் இளைஞரைத் தொடர்ந்து அறியும் பொறுப்பு எவருடையது என்பது இங்கு எழும் வினாவாகும்.

வழித்துணைவர் புரவலர் அல்லர். தண்டிக்கும் அதிகாரம் உடையவரும் அல்லர். இளைஞர் தவறிழைத்த நாளிலும் அச்சமின்றி அணுகத்தக்கவராக அவர் இருத்தல் வேண்டும். ஆயின் நல்லெண்ணம் மட்டும் போதாது. அமெரிக்கப் பதின்மவயதினர் பற்றி கிரொஸ்மன், ரோட்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டேனும் நீடித்த உறவுகளே மிகுந்த பயன் தந்தன எனவும், சில மாதங்களில் முறிந்த உறவுகளின்பின் பிள்ளைகளின் தன்மதிப்புக் குன்றியது எனவும் காட்டிற்று. ஏற்கனவே கைவிடப்பட்டவரை மீண்டும் கைவிடுதல் சேவை ஆகாது. ஆதலின், ஓராண்டு நிலைத்திருக்க இயலாதோர் இப்பணியை ஏற்காதிருத்தலே நன்று.

வழித்துணை, அரசின் கடமைக்கு ஈடும் அன்று. தங்க இடமும் வாழப் போதிய ஊதியமும் இல்லாதவருக்கு அறிவுரை பசியாற்றாது. வறுமையே பல பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்புகின்றது. பதினெட்டு வயதில் அவர்களை அதே வறுமைக்குத் திருப்பி அனுப்புவோமாயின், இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் ஆற்றிய பராமரிப்பின் பொருள் யாது?