நெல் விற்ற பணமும் அடுத்த சாகுபடியும்

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நெல் விற்ற பணம் தை, மாசியில் கைக்கு வருகிறது. ஒரு போகம் மட்டுமே சாகுபடி செய்யும் சிறு விவசாயிக்கு அடுத்த நெற்பணம் வர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்குமா, கார்த்திகை மழை பயிரைக் காக்குமா, மூழ்கடிக்குமா என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் விதை, உழவு, நடவுக் கூலி, அடியுரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை மாசியிலேயே கணக்கிடலாம். காதுகுத்து, மொய் போன்ற செலவுகளுக்கு முன்பாக இத்தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது கடன். கைக்கடனில் 'மூன்று வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். 20,000 ரூபாய் வாங்கிப் பத்து மாதம் கழித்துக் கொடுத்தால் வட்டி மட்டும் 6,000 ரூபாய். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். தவணை தவறாதவர்களுக்கு 4 சதவீதம்தான். இதே தொகைக்கு 670 ரூபாய்கூட ஆகாது. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய நாளுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. எனவே சங்கத் தவணைக்கு உரியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதத்தில் கைக்கடனை அடைப்பதே லாபம். சிலர் கைக்கடன் வாங்கிச் சங்கத்தில் கட்டி, கடனைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். புதுக்கடன் வர இரண்டு மாதம் தாமதித்தால் சலுகையால் மிச்சமானது கைவட்டிக்கே போய்விடும்! 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது உண்மைதான். இன்னொரு தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையைத் தவறவிடுவது கணக்காகாது.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அவசியம் சேர வேண்டிய திட்டம் இது. எனினும் மகசூல் இழப்பு பொதுவாகத் தனி வயலுக்குப் பார்க்கப்படுவதில்லை. பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் கிராமத்தின் சராசரியே பார்க்கப்படுகிறது. தன் வயலில் விளைச்சல் குறைந்தாலும் கிராமச் சராசரி குறையாவிட்டால் இழப்பீடு வராது. வந்தாலும் அறுவடை முடிந்து பல மாதங்கள் ஆகலாம். அதுவரை குடும்பம் நடக்க, குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்க வேண்டும். இது இல்லாத வீட்டில்தான் நகை அடகுக்குப் போகிறது.

காப்பீட்டில் சேரக் கடைசி நாள் வரை காத்திருப்பதும் தவறு. அன்று கூட்டம் மிகும். சிட்டா, விதைப்புச் சான்று, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நடவு முடிந்ததுமே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.