உஷார்! கடை திறந்திருக்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காரர்களே, லீ பஜார் மண்டி முதலாளிகளே, கொஞ்சம் நில்லுங்கள். இந்த வருஷம் வெப்சைட் போட்டவர்களும், அடுத்த மாதம் போடலாம் என்று அட்வான்ஸ் கொடுத்தவர்களும் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ராசிபுரத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியர், இரண்டு கண்ணும் தெரியாது. தங்கை மகளுக்கு மாமன் சீராகக் கொலுசு வைக்க வேண்டும். பஸ் ஏறி சேலம் வந்து, கூட ஒருத்தரைத் தேடி அலைவானேன் என்று போனை எடுத்தார். பாங்குக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாம் அவர் போனில்தான். ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் 'டாக்பேக்' திரையில் உள்ளதைப் பேசும், அவர் கேட்டுக்கொண்டே விரலை நகர்த்துவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திறந்தது நம் ஊர்க் கடை ஒன்றின் வெப்சைட். போன் பேச ஆரம்பித்தது. "இமேஜ். ஐஎம்ஜி 2043. பட்டன். பட்டன். பெயர் இல்லாத பட்டன்." விரலை நகர்த்தினார். "இமேஜ். ஐஎம்ஜி 2044." எட்டிப் பார்த்தேன். திரையில் அருமையான சலங்கைக் கொலுசு. எடை, டச், நீளம், விலை எல்லாமே இருந்தன. ஆனால் அத்தனையும் படத்துக்குள்ளேயே அச்சடித்திருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்து இந்தப் போனுக்கு எழுத்தே இல்லை. நாலு பக்கம் தேடினார். "விடுங்கண்ணா, இவங்க நமக்கு விக்க மாட்டாங்க போல" என்று மூடிவிட்டார்.

பிறகு பெங்களூர்க் கடை ஒன்றின் வெப்சைட்டில் வாங்கினார். அங்கே எடை, நீளம், கொக்கியா திருகாணியா என்பதெல்லாம் எழுத்தாக இருந்தது. பார்சல் வந்ததும் பிரித்து, ஒவ்வொரு சலங்கையாக விரலால் தடவினார். "பத்த வெச்சிருக்கிற பதத்தைப் பாருங்க, நம்ம சேலத்து வேலைண்ணா!" என்றார். அந்த வெப்சைட்டிலும் சேலம் கொலுசு என்றே போட்டிருந்தது. சிவதாபுரத்திலோ கொண்டலாம்பட்டியிலோ ஒருவர் கண்ணெரிய உட்கார்ந்து பத்த வைத்த கொலுசு. அதை விற்ற லாபம் பெங்களூருக்குப் போய்விட்டது.

நான் பதறுவது இதற்காகத்தான். தெருக்கடையில் ஒருவர் படியேற முடியாமல் திரும்பினால் வாசலில் நிற்கும் பையன் பார்த்துவிடுவான். "அக்கா, வேற டிசைன் இருக்குங்க, வாங்க" என்று கூப்பிடுவான். வெப்சைட்டில் திரும்பிப் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் சண்டை போட மாட்டார், போன் பண்ணித் திட்டவும் மாட்டார். ராத்திரி கணக்கு முடிக்கும்போது இந்த நஷ்டம் எந்தப் பக்கத்திலும் ஏறாது. 'வெப்சைட் போட்டும் வியாபாரம் இல்லையே, விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் போடலாம்' என்றுதான் தோன்றும்.

எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். 2011 கணக்கெடுப்பில் பதிவான மாற்றுத்திறனாளிகள் நாட்டில் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் ஆறில் ஒருவர் என்கிறது. கண்புரை விழுந்த மாமியார், கை நடுங்கும் பெரியப்பா, காது மந்தமான முதலாளி, இவர்களில் பலர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து 'ஸ்டைலா இருக்கும்' என்று டிசைனர் சொல்லியிருப்பார். மத்தியான வெயிலில் பஜாரில் நின்று அதைப் படித்துப் பாருங்கள், நல்ல கண்ணுக்கே தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று உலக விதியே இருக்கிறது.

இன்னொன்று, கூகுள் தேடலும் படத்தைப் புரிந்துகொள்ள அதன் கூடவே எழுதி வைத்த விவரத்தை நம்புகிறது. 'ஐஎம்ஜி 2043' என்று விட்டால் என் நண்பருக்கும் தெரியாது, கூகுளுக்கும் சரியாகத் தெரியாது. '10 இஞ்ச், 60 கிராம், திருகாணி வைத்த சலங்கைக் கொலுசு' என்று ஒரு வரி எழுதினால் இரண்டு பேருமே உங்கள் கடைக்கு வர வழி பிறக்கும். வாட்ஸ்அப்பில் மண்டி விலைப்பட்டியலைப் படமாக அனுப்புகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: கீழே எழுத்திலும் போடுங்கள்.

சட்டத்தையும் லேசாக எடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு 50,000-லிருந்து 5 லட்சம் வரை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்து, கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்ட முடியாமல் தவித்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டார்கள். அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா கம்பெனி, பார்வையற்ற ஒருவர் போட்ட வழக்கை நிறுத்தச் சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-இல் அது விசாரிக்கவே மறுத்துவிட்டது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் கடைகளுக்கும் பொருந்தும் சட்டம் நடப்பில் இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக ஆள் வைத்த, விற்றுமுதல் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவைக் கடைகளுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சரக்கு அனுப்பும் பெரிய கைகள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள்.

இந்தப் பயத்தை வைத்தே காசு பார்க்கவும் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. உஷார்! "ஒரே ஒரு வரி கோட் போட்டால் போதும், உங்க வெப்சைட் முழுக்க சரியாயிடும், மாசம் இவ்வளவு கொடுங்க" என்று வருவார்கள். திரையின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் பொம்மை போட்ட பட்டன் ஒன்று வரும். ஏமாறாதீர்கள். அக்சஸிபி என்ற கம்பெனி தன் கருவி எந்த வெப்சைட்டையும் விதிகளுக்குப் பொருத்திவிடும் என்று விற்றது. அதை நிரூபிக்க முடியாததாலும், காசு கொடுத்து எழுத வைத்த பாராட்டை நடுநிலைக் கருத்துப் போலக் காட்டியதாலும், 2025-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. படத்துக்குள் எடையும் விலையும் கிடக்கும்போது மேலே பொம்மைப் பட்டன் ஒட்டி என்ன பயன்? பூட்டின கதவுக்கு மாவிலைத் தோரணம் கட்டின கதைதான்.

இன்று ராத்திரி கடை சாத்தியதும் இரண்டு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் மவுஸைக் கழற்றிவிட்டு, டேப், என்டர் என்று கீபோர்டை மட்டும் தட்டி உங்கள் வெப்சைட்டில் ஒரு கொலுசு வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போனால், கையசைவு குறைந்த வாடிக்கையாளரை அங்கே தொலைக்கிறீர்கள். அடுத்து என்விடிஏ. இது இலவசம், கம்ப்யூட்டர் திரையை வாசித்துக் காட்டும். அதைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு மறுபடி வாங்குங்கள். கோணல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கட்டத்தில் என்ன செய்வீர்கள்? முகவரி அடித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து ஆரம்பத்துக்கே தள்ளினால் மறுபடி உட்காருவீர்களா? டிசைன் காட்டும் வீடியோவில் பேசுவதற்கு எழுத்து ஓடவில்லை என்றால் காது கேளாதவர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்?

புதிதாகச் செய்ய ஆர்டர் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே உலக விதியான 'டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை' என்றும், இந்தியத் தர எண் 'ஐஎஸ் 17802' என்றும் எழுதி வாங்குங்கள். ஆரம்பத்திலேயே செய்தால் செலவு குறைவு. கட்டி முடித்த வீட்டில் பைப் பதிக்கச் சுவரை உடைப்பது போல, பிற்பாடு செய்தால் இரட்டைச் செலவு. சோதித்துப் பார்க்கப் பார்வையற்றவர் ஒருவரையும் கை சரியாக இயங்காதவர் ஒருவரையும் கூப்பிடுங்கள், சும்மா கேட்காமல் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். வெப்சைட் செய்து கொடுப்பவருக்குக் கடைசித் தவணையை அதுவரை கொடுக்காதீர்கள். அந்த இருவரும் யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு ஜோடிக் கொலுசைத் தேடி, விலை கேட்டு, பணம் கட்டி முடிக்கட்டும், பிறகு கொடுங்கள்.